உப்புப் பார்க்காத கடப்பா

அரசியக்கா செத்துப்போன ஞாயித்துக்கிழமை காலைல அவங்க வீட்டு அடுப்பு அணையல. அணைக்கலைன்னு சொல்லல, அணையலைன்னுதான் சொல்றேன். குமிழைத் திருகிப் பாத்தாச்சு, சிலிண்டரைக் கழட்டிக் கொல்லையில கொண்டுபோய் வச்சாச்சு, ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கியும் பாத்தாச்சு, சாக்குதான் கருகுச்சு. சிம்முல வச்ச நீலத் தீ அது பாட்டுக்கு எரிஞ்சுது, அது மேல அலுமினியக் குண்டான்ல அவங்க இட்லிக்குன்னு வச்ச கடப்பா அது பாட்டுக்குக் கொதிச்சுது. தளதளன்னு கொதிக்கல, ஓரத்துல மட்டும் மெதுவா முட்டை விட்டு முட்டை விட்டு, கொத்தமல்லித் தழை தூவுனா இறக்கிடலாம்ங்கற பதத்துலயே நின்னு கொதிச்சுது.

கும்பகோணத்துல பாத்திரக்காரச் சந்துன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. நான் அந்தச் சந்துல ரவிக்கை தைக்கிறவ, பேரு பவுனு. என் தையல் மிசின் ஜன்னலோரம் இருக்கு, எதுத்தாப்புல அரசியக்காவோட அடுப்பும் ஜன்னலோரம்தான், நடுவுல ரெண்டு சைக்கிள் போற அளவுக்குச் சந்து. அதனால அவங்க வீட்டுல என்ன தாளிச்சாலும் என் மூக்குக்குத்தான் முதல்ல தெரியும், என் வீட்டுல யாரைத் திட்டினாலும் அவங்க காதுக்குத்தான் முதல்ல போகும். மங்கையர்க்கரசின்னு முழுப்பேரு. புருஷன் கோதண்டபாணி, கண்டக்டரா இருந்து ஓய்வு வாங்கினவர். ஒரே பொண்ணு தேன்மொழி, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கு.

கடப்பாவைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லணும். எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை இட்லிக்குச் சாம்பார் வைக்கிறவங்களை நாங்க ஒரு மாதிரியாத்தான் பாப்போம். பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் குழைய வேகவச்சு, தேங்காய், கசகசா, பொட்டுக்கடலை, சோம்பு, பச்சை மிளகாய் எல்லாத்தையும் வெண்ணெயா அரைச்சு ஊத்தி, பட்டை கிராம்பு தாளிச்சு, மஞ்சள் போடாம வெள்ளை வெளேர்னு ஒரு குழம்பு வைப்போம். கரண்டியில எடுத்தா வழுக்கிக்கிட்டு விழணும், ஆனா தண்ணியா ஓடக் கூடாது. அரசியக்கா கைப்பக்குவத்துக்கு அது பாலாடை மாதிரி இருக்கும். அதுல ஒரு விசேஷம், அந்தம்மா சமைக்கும்போது நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாக்க மாட்டாங்க. குளிச்சு, விளக்கேத்தி, வீட்டு ஆம்பளை சாப்பிட்டப்புறம்தான் வாய் நனைப்பாங்க, அவங்க அம்மா வீட்டுப் பழக்கம் அது. அதனால இறக்குறதுக்கு முன்னாடி ஒரு குரல் வரும், "என்னங்க, உப்புப் பாருங்க." கண்டக்டரண்ணன் வந்து கையை நீட்டுவார், உள்ளங்கையில ஒரு சொட்டு விடுவாங்க, நக்கிட்டு, "சரியா இருக்கு"ன்னுட்டுப் போவார். அவ்வளவுதான், அடுப்பு அணையும்.

அந்த மனுஷன் என்னைக்கும் சரியா இருக்குன்னுதான் சொல்லுவார். ஒரு தடவை உப்பே போட மறந்துட்டு அரசியக்கா கூப்பிட்டு, இவரும் நக்கிட்டுச் சரியா இருக்குன்னுட்டுப் போய், அப்புறம் இட்லியைப் பிட்டு வச்சப்ப ரெண்டு பேரும் முழிச்சிருக்காங்க. என்கிட்ட வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சுட்டு, "அவரு நாக்கு டிப்போவுலயே இருக்கு பவுனு"ன்னாங்க. சிரிப்பாத்தான் சொன்னாங்க, ஆனா எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை கூப்பிட்டது என் காதுலயும் விழுந்துச்சு. "என்னங்க, உப்புப் பாருங்க." கண்டக்டரண்ணன் யாரோ பழைய டிப்போ சிநேகிதரோட போன்ல பேசிக்கிட்டிருந்தார், "வரேன், வரேன்"னார். மறுபடியும் கூப்பிட்டாங்க. மறுபடியும் வரேன்னார். அப்புறம் கூப்பிடல. போனை வச்சுட்டு அவர் போனப்ப அரசியக்கா ஜன்னலுக்குக் கீழ சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்களாம், கரண்டி கையிலயே இருந்துச்சாம்.

சாவு வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாதுன்னு உங்களுக்கும் தெரியும். காரியம் முடியற வரைக்கும் சொந்தக்காரங்க ஆக்கிக் கொண்டுவந்து போடணும். மூட்டக் கூடாதுங்கறதுக்கு முறை இருக்கு, மூட்டுனது அணையலைன்னா என்ன பண்றதுங்கறதுக்கு யார்கிட்டயும் முறை இல்ல. மன்னார்குடியிலிருந்து வந்த பெரியப்பா வகையறா ஒரு பக்கம், நீடாமங்கலத்துலேர்ந்து வந்த மச்சான் வகையறா ஒரு பக்கம் நின்னுக்கிட்டு, குண்டானையாவது இறக்கி வைங்கடான்னு இவங்க, அவ ஏத்தி வச்சதை நீ எப்படிடா இறக்குவேன்னு அவங்க, கூடத்துல பொணத்தைப் போட்டுக்கிட்டு அடுப்படியில சண்டை. இறக்கித்தான் பாப்போமேன்னு ரெண்டு பேரு துணியைச் சுத்திக்கிட்டுத் தூக்குனாங்க, வரல. மூணுபேர் சாப்பிடற குண்டான், கோயில் தூண் மாதிரி நின்னுது. வந்த புரோகிதர் எட்டிப் பாத்தார், மூக்கை உறிஞ்சுனார், "அது பாட்டுக்கு இருக்கட்டும், நம்ம வேலையைப் பாப்போம்"னார். அதுக்கு மேல யாரும் அதிசயப்படல. போட்டது போட்டபடி எரியற அடுப்புன்னு வச்சுக்கிட்டாங்க.

ஆனா ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. எங்களால அழ முடியல. மாரடிச்சு அழலாம்னு வாயைத் திறந்தா சோம்பும் தேங்காயும் கலந்த அந்த வாசனை உள்ள போகுது, வயிறு இரையுது, எச்சில் ஊறுது. வாயில எச்சில் ஊற ஒப்பாரி வைக்கிறது எப்படின்னு நீங்கதான் சொல்லணும். தலைமாட்டுல உக்காந்திருந்த பொம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு மூக்கைச் சிந்துனோம், அவ்வளவுதான். கடைசியில ஐஸ் பெட்டி இறக்க வந்த ஆளு, காலைலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலைன்னு சொல்லிட்டு, "அந்தக் கடப்பாவுல ரெண்டு கரண்டி கிடைக்குமா"ன்னு கேட்டார். யாரும் ஆமாங்கல, இல்லைங்கல. அவரே போட்டுக்கிட்டார், வாங்கி வந்திருந்த இட்லியில ஊத்திச் சாப்பிட்டார், "உப்பு கொஞ்சம் தூக்கல், மத்தபடி அமிர்தம்"னார். ரெண்டு கரண்டி எடுத்த குண்டான் குறையல. விளிம்புக்கு ஒரு விரக்கடை கீழ இருந்தது அப்படியே இருந்துச்சு.

அப்புறம் என்ன, சந்து சும்மா இருக்குமா. மயானம் போய்ட்டு வந்த ஆம்பளைங்க குளிச்சுட்டுச் சாப்பிட்டாங்க, காரியத்துக்கு வந்தவங்க சாப்பிட்டாங்க, காரியம் முடிஞ்சு எல்லாரும் ஊருக்குப் போனப்புறமும் அது கொதிச்சுக்கிட்டே இருந்துச்சு, அடி பிடிக்கல, கெட்டியாகல, ஆடை கட்டல. முதல்ல பக்கத்து வீடு, அப்புறம் அதுக்குப் பக்கத்து வீடு, அப்புறம் சந்து முழுக்கக் கிண்ணமும் தூக்குவாளியும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுச்சு; எங்க வீடுகள்ல தேங்காய் துருவறதே நின்னுபோச்சு, கசகசா வாங்கறதை விட்டுட்டோம், ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்னு இருந்தது திங்களும் செவ்வாயும் எல்லாக் கிழமைக்கும் ஆச்சு. முக்கு ஓட்டல்காரர் போர்டுல கடப்பான்னு எழுதியிருந்ததை அழிச்சுட்டு, முணுமுணுத்துக்கிட்டே ஒரு டம்ளரோட அவரும் வந்து நின்னார். பிரசவம் ஆன பொண்ணுக்கு எடுத்துட்டுப் போனாங்க, பரிட்சைக்குப் போற பிள்ளைங்களுக்கு ஊத்துனாங்க, பொண்ணு பாக்க வந்தவங்களுக்குத் தாங்களே வச்ச மாதிரி பரிமாறி ஒரு கல்யாணமே முடிஞ்சுது, அந்தப் பொண்ணு மாமியார் வீட்டுல மாட்டிக்கிட்டு முழிச்சது வேற விஷயம். இப்படி அதுவும் குழாய்த் தண்ணி மாதிரி ஒரு சமாச்சாரமா ஆகிப்போச்சு.

ஒத்துப்போகாத விஷயம் உப்பு ஒண்ணுதான். பிரஷர் மாத்திரை போடறவர் உப்பு கரிக்குதுன்னார். அவர் பொண்டாட்டி சப்புன்னு இருக்குன்னாங்க. எனக்கு அரைக்கல் குறைவாத் தெரியும், என் வீட்டுக்காரருக்கு அரைக்கல் கூடத் தெரியும், இதை வச்சே எங்க வீட்டுல ரெண்டு நாள் பேச்சில்லாம இருந்தது உண்டு. ஒரே குண்டான், ஒரே கரண்டி, ஆளுக்கு ஒரு உப்பு.

இதையெல்லாம் கண்டக்டரண்ணன் கூடத்து நாற்காலியில உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பார். கிண்ணத்தோட வெளிய போறவங்களை நிறுத்தி, "உப்பு எப்படி இருக்கு?"ன்னு கேப்பார். அவங்க ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. "அப்படியா"ம்பார். அவர் மட்டும் அதுல ஒரு சொட்டுத் தொட்டதில்ல. டீக்கடையில பன்னு, இல்லாட்டி இட்லியும் மிளகாய்ப் பொடியும், அதுலயே நாளை ஓட்டினார். ஆளு உருகிப்போய் சட்டை தோள்ல நிக்காம சரிஞ்சுது. நான்தான் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தச்சுக் குடுத்தேன்.

தேன்மொழி திருப்பூர்லேர்ந்து வந்தா. அப்பாவைக் கூட்டிட்டுப் போய்டணும்னு பையோட வந்திருந்தா. "அடுப்பு எரியும்போது வீட்டைப் பூட்டிட்டு எப்படிம்மா வர்றது?"ன்னு இவர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் கேட்டார்.

"அப்படின்னா ஒரு வாய் சாப்பிடுங்கப்பா" அப்படின்னா அவ. "ஊரே சாப்பிடுது. அம்மா உங்களைத்தானே கூப்பிட்டுச்சு."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பாத்தார். அப்புறம் சொன்னார், எங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்டுச்சு. "நான் உப்புப் பாத்துட்டா முடிஞ்சுரும்டி. அப்புறம் அவ வச்சதுன்னு இந்த வீட்டுல என்ன இருக்கு?"

அவ அப்பாவைத் திட்டிக்கிட்டே அழுதா, அழுதுக்கிட்டே ஒரு தூக்குவாளியில கடப்பா ஊத்திக்கிட்டுத் திருப்பூர் போனா. பஸ்லயே திறந்து பாத்தாளாம், வாளியில சுத்தமா ஒண்ணும் இல்லையாம். ஊர் எல்லையைத் தாண்டினா அது நிக்காதுன்னு அன்னைக்குத்தான் எங்களுக்கும் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் அவர் அதை ஆரம்பிச்சார். விடிஞ்சதும் குளிச்சுட்டு, துவைச்ச வேட்டி கட்டிக்கிட்டு, அடுப்படி வாசப்படி வரைக்கும் வருவார். வந்து நின்னு, உள்ள பாத்து, "வரேன், வரேன்"ம்பார். உள்ள போக மாட்டார். அப்படியே திரும்பி நாற்காலிக்குப் போய்டுவார். நான் மிசின்ல நூல் கோத்துக்கிட்டே பாப்பேன். ஊசிக் காது தெரியாது எனக்கு, கண்ணு நிறைஞ்சுரும். ஐயோ, இந்த மனுஷனை என்ன பண்றதுன்னு இருக்கும். வரேன்னு சொல்லிச் சொல்லியே அவங்களை அங்க பிடிச்சு வச்சுக்கிட்டிருக்கார்ங்கறது எனக்குப் புரிஞ்சுது, ஆனா அதை எந்த வாயால சொல்றது. நானும் தினம் கிண்ணம் நீட்டறவதானே.

சொன்னது மேகலாதான். சந்துக் கடைசி வீட்டுப் பொண்ணு, பெரிய தெருவுல ஒரு ஜவுளிக் கடையில புடவை எடுத்துக் காட்டற வேலை. காலைல கடைக்குப் போறப்ப டிபன் டப்பாவுல கடப்பா வாங்கிட்டுப் போவா. ஆடித் தள்ளுபடி நடந்த சமயம் அது. அன்னைக்கு வந்தவ டப்பாவை வாங்கிட்டு உடனே போகாம கண்டக்டரண்ணன் காலடியில தரையில உக்காந்துட்டா, பாதத்தைப் பிடிச்சு விட்டுக்கிட்டா. பாதம் ரெண்டும் பன்னு மாதிரி உப்பியிருந்துச்சு.

"என்னம்மா, காலு இப்படி வீங்கியிருக்கு?"ன்னார் இவர்.

"நின்னு நின்னுதான் மாமா. ஆள் இல்லாத நேரத்துலயும் உக்காரக் கூடாது. சூப்பர்வைசர் பாத்தா அவ்வளவுதான்."

"அடக் கொடுமையே."

"அத்தைக்கும் இப்படித்தான் இருக்கும், முழங்காலுக்குக் கீழ நரம்பு சுருட்டிக்கிட்டுப் பச்சை பச்சையா. நான் கேட்டிருக்கேன், அடுப்படியில நின்னே வந்ததுடின்னு சொல்லுவாங்க." சொல்லிட்டு அடுப்பு எரியறதைப் பாத்தா. அவ யாரையும் குத்திக்காட்டற பொண்ணு இல்ல. வேலை எப்ப முடியும்னு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறவளுக்குத் தெரியற விஷயம், அவ்வளவு சாதாரணமாத்தான் சொன்னா. "இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க போல மாமா. நீங்க வந்து உப்புப் பாக்காம எப்படி உக்காருவாங்க?"

ஜன்னல் வழியா கண்டக்டரண்ணன் முகத்தை நான் பாத்தேன். அந்த மனுஷன் ஓடின பஸ்ல ஏறின பொம்பளைங்களைக் கேட்டா இன்னைக்கும் சொல்லுவாங்க, வயித்துப் பிள்ளைக்காரி ஏறினா, கைக்குழந்தைக்காரி ஏறினா, எந்த ஆம்பளையா இருந்தாலும் தோளைத் தட்டி எழுப்பி எடம் வாங்கிக் குடுக்காம அடுத்த டிக்கெட்டைக் கிழிக்க மாட்டார். அப்படிப்பட்டவர், வாயை ஒரு மாதிரி கோணிக்கிட்டு, நாற்காலியோட கையைப் பிடிச்சு எழுந்திரிச்சார். வாசப்படியில நின்னார். வரேன்னு சொல்லல. உள்ள போனார்.

மிசினை நிறுத்திட்டேன். மேகலா தரையிலயே உக்காந்திருந்தா. அவர் கரண்டியை எடுத்துக் குண்டானுக்குள்ள விட்டு, தன் உள்ளங்கையில தானே ஒரு சொட்டு விட்டுக்கிட்டார். கொதிக்கிறதுதானே, சுட்டிருக்கும், கையை உதறல. நக்கினார். அப்படியே நின்னார். சரியா இருக்குன்னு வந்துரும்னு நான் நெனச்சேன், அத்தனை வருஷமா அந்த நாக்குக்கு வேற வார்த்தை தெரியாது. இன்னொரு சொட்டு விட்டு நக்கினார். கண்ணை மூடிக்கிட்டு, ஒரு பொருளோட எடையைப் பாக்கற மாதிரி, வாயிலயே வச்சிருந்து முழுங்கினார்.

"கம்மியா இருக்கு அரசி"ன்னார்.

தீ அப்படியேதான் எரிஞ்சுது. போடறதுக்குத்தான் ஆள் இல்லையே. அவர் சுத்திமுத்திப் பாத்தார். உப்பு எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியல. ஒரு டப்பாவைத் திறந்தார், கடுகு. இன்னொண்ணைத் திறந்தார், துவரம்பருப்பு. இன்னொண்ணுல புளி. மேல் தட்டு, கீழ் தட்டு எல்லாம் திறந்து திறந்து வச்சார், அரசியக்கா கட்டி வச்ச ரப்பர் பேண்டெல்லாம் பிரிச்சுப் போட்டார். எனக்குத் தெரியும், அடுப்புக்கு இடது பக்கம், வெள்ளை ஜாடியில. ஜன்னல் வழியா ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மேகலாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்லல. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின வீட்டுல அந்த மனுஷன் உப்பைத் தேடறதை வாயைப் பொத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தோம். கண்டுபிடிச்சார். விரல்ல கிள்ளிப் போட்டார், கிளறினார், நக்கினார், இன்னும் கொஞ்சம் போட்டார், கிளறினார், நக்கினார். அவசரமே படல.

அப்புறம் சொன்னார். "இப்பச் சரியா இருக்கு. இப்ப நெசமாவே சரியா இருக்கு. நீ உக்காரு."

தீ அணைஞ்சுது. அதுவரைக்கும் எங்க காதுக்குள்ள இருந்துக்கிட்டே இருந்த கொதிக்கிற சத்தம் நின்னப்பதான் அப்படி ஒரு சத்தம் இத்தனை நாள் இருந்துச்சுங்கறதே தெரிஞ்சுது. சந்துல வாசல் தெளிச்சுக்கிட்டிருந்தவங்க, பல் தேய்ச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாம் அப்படி அப்படியே நின்னு திரும்பிப் பாத்தாங்க.

அன்னைக்கு யாரும் கிண்ணம் கொண்டு போகல. குண்டான்ல இருந்தது ரெண்டு பேருக்குத்தான் காணும், வேணும்னா மூணு பேரு. "சாப்பிடுங்கண்ணே, சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க"ன்னு நான் இட்லி அவிச்சு எடுத்துட்டுப் போனேன். தட்டை வாங்கிப் பக்கத்துல வச்சுக்கிட்டார். அடுப்படிச் சுவத்துல, ஜன்னலுக்குக் கீழ சாஞ்சு உக்காந்திருந்தார். "சாப்பிடறேன் பவுனு"ன்னார். மதியம் போய்ப் பாத்தேன், அப்படியே இருந்துச்சு. "கொஞ்சம் இருக்கட்டும்"னார். சாயங்காலமும் இருக்கட்டும்னார். அவருக்குச் சாப்பிட ஆசை, ஆனா சாப்பிட்டா இருக்காது, அதான். தேங்காய் அரைச்சு ஊத்துன குழம்பு எவ்வளவு நேரம் தாங்கும்னு சமைக்கிறவளுக்குத் தெரியும். அந்த ஆளுக்கு யார் சொல்லிக் குடுத்தா.

மறுநாள் காலைல சந்துக் குழாயடியில தண்ணி பிடிச்சுக்கிட்டிருந்தோம். கண்டக்டரண்ணன் குண்டானை ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தார். அதோட வாசம் அவருக்கு முன்னாடியே வந்துருச்சு, புளிச்ச வாசம். மேல நுரை கட்டியிருந்துச்சு. எல்லாரையும் தாண்டி என் முன்னாடி வந்து நின்னார்.

"பவுனு, ஊசிப்போச்சும்மா"ன்னார்.

ஆளு போய்ட்ட சேதியைச் சொல்ற குரல் அது. அவர் மனைவி செத்த அன்னைக்குக்கூட அவர் இப்படிச் சொல்லல. சொல்லிட்டு, குழாய்க்குப் பக்கத்துல ஈரத் தரையில உக்காந்துட்டார், குண்டானை மடியில வச்சுக்கிட்டு வாய்விட்டு அழுதார். எனக்குக் கொடம் கைநழுவிப்போச்சு. நான் போய் அவர் பக்கத்துல உக்காந்தேன், என் பக்கத்துல பிரஷர்காரர் சம்சாரம் வந்து உக்காந்தாங்க, மேகலா ஓடிவந்தா, ஒவ்வொருத்தரா கொடத்தைப் போட்டுட்டு வந்து உக்காந்து, தலைமுடியை அவுத்து விட்டு, ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் கட்டிக்கிட்டு, என் தங்கமே, என் அரசியே, எங்களுக்கெல்லாம் ஊத்திட்டு நீ ஒரு வாய் சாப்பிடாமப் போனியேன்னு மாரடிச்சு அழுதோம். வாயில எச்சில் ஊறல. தொண்டையெல்லாம் வறண்டுபோய்க் கிடந்துச்சு, குழாய் திறந்து கிடந்து தண்ணி சந்து முழுக்க ஓடுச்சு, யாரும் மூடல.

முக்குல திரும்புன பால்காரர், வெளியூர் ஆளு, புதுசா இந்தப் பக்கம் ஊத்த வர்றவர், சைக்கிளை நிறுத்திக் காலை ஊனிக்கிட்டு, யாரு செத்தாங்கன்னு கேட்டார்.

அரசியக்கான்னு சொன்னோம்.

எப்பன்னு கேட்டார்.

இன்னைக்குக் காலைலன்னு சொன்னேன்.